பள்ளி தொடங்கும் வயதும் மழலையர் வகுப்பும்

ஆறு வயது நிறைந்த பின்னரே குழந்தை முதல் வகுப்பில் சேர வேண்டும் என்பது நம் நாட்டில் புதிய கருத்து அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே உரிமை வழங்குகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்றாண்டு முன்பருவக் கல்விக்குப் பின்னரே முதல் வகுப்பை அமைத்தது. ஆயினும் பல மாநிலங்களில் ஐந்து வயதிலேயே சேர்க்கும் வழக்கம் நீடித்தது. ஆறு வயது விதியைப் பின்பற்றுமாறு மத்திய கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கேந்திரிய வித்தியாலயங்கள் 2022-23 கல்வியாண்டிலேயே ஐந்திலிருந்து ஆறுக்கு மாறிவிட்டன.

இம்மாற்றத்திற்கு ஓர் அரசாணையே போதும் எனத் தோன்றக்கூடும். உண்மையில் முதல் வகுப்பின் வயது மாறும்போது, அதற்கு முந்தைய வகுப்புகள் அனைத்தின் வயதும் மாறியாக வேண்டும். ஆறு வயதில் முதல் வகுப்பு என்றால், எல்.கே.ஜி.யில் சேரும்போதே நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும்.

கர்நாடகத்தின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. ஜூன் 1ஆம் நாளில் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அம்மாநில அரசு 2022 ஜூலையில் ஆணையிட்டது. மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தைகளோ ஐந்தரை வயதில் யு.கே.ஜி.யை முடித்துவிடுவர். அவர்கள் அதே வகுப்பில் மீண்டும் அமர வேண்டும். அல்லது ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டும். வசதியுள்ள பெற்றோருக்கு இது ஓராண்டுக் கட்டணம். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவோருக்கு இது சிறு சுமையன்று. எதிர்ப்பு எழவே, விதி 2025-26க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மழலையர் வகுப்புகளிலேயே புதிய வயதைக் கண்டிப்பாகக் கேட்டிருந்தால் சிக்கல் தானே தீர்ந்திருக்கும். அவ்வாறு நடவாததால், 2025 ஏப்ரலில் அவ்வோராண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் எனத் தளர்த்த நேர்ந்தது.

இதனினும் பெரிய கேள்வி கிராமங்களில் உள்ளது. முன்பு முதல் வகுப்பில் அமர்ந்து மதிய உணவும் பெற்ற ஐந்து வயதுக் குழந்தை, இனி எங்கே செல்லும்? கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்டோருக்கான முன்பருவக் கல்விக்கு அரசுகள் ஏற்பாடு செய்யலாம் என்கிறதேயன்றி, கட்டாயமாக்கவில்லை. எஞ்சியிருப்பது அங்கன்வாடிதான். 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியின் முதற்கவலை ஊட்டச்சத்தும் தடுப்பூசியுமே. அங்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருப்பர். குழந்தைகளை எடைபோடுதல், சத்துணவு வழங்குதல், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்லுதல், பதிவேடுகளை எழுதுதல் ஆகிய அனைத்தும் அப்பணியாளரின் பொறுப்பு. கற்பித்தல் இவற்றிற்கிடையே கிடைக்கும் நேரத்தில்தான். மூன்று வயதினரும் ஐந்து வயதினரும் ஒரே அறையில் அமர்கின்றனர்.

ஐந்து வயதினருக்குக் கதையும் பாட்டும், பொருள்களை வகைப்படுத்தி எண்ணும் விளையாட்டும் நாள்தோறும் தேவை. இதற்கெனத் தொடக்கப்பள்ளி வளாகத்திலேயே தனி வகுப்பும், பயிற்சி பெற்ற தனி ஆசிரியரும் வேண்டும். இச்செலவுக்கு நிதி ஒதுக்காத மாநிலத்தில், வயது உயர்வால் ஏழைக் குழந்தைக்குக் கிடைப்பது ஓராண்டுக் காத்திருப்பு மட்டுமே.