ஒழுக்கம் எந்தக் கட்சிக்குச் சொந்தம்?

கேள்வி: ஒழுக்கத்தை மதிப்பவர்கள் ஒரு கட்சி, மதிக்காதவர்கள் எதிர்க்கட்சி என்று பிரிக்கலாமா? (உத்திரமேரூர் வாசகர்)

பதில்: கூடாது. ஒழுக்கம் இரு பக்கமும் உண்டு. எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் பிரிகிறோம். உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரையே பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலை விதிகள்; அதாவது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது! நியாயத்தைப் பெரிதாக நினைப்பவர் இதைக் கொண்டாடுவார். அதே கல்லில் வேதப் படிப்பும் தகுதி, வரி கட்டும் கால் வேலி நிலமும் தகுதி. மரபையும் தூய்மையையும் போற்றுபவர் அங்கே நிற்பார். அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் ஆராய்ந்ததும் இந்த வேறுபாட்டைத்தான். எனக்குக் கணக்கு விதிதான் உயிர். ஆனால் உங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் உழுத நிலமற்றவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லையே, அது இன்றும் வலிக்கிறது.