காவலும் பொறுப்பும்

காவல், பொறுப்பு என்னும் இரண்டும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. காவலின்றிக் குழவி வளராது. பொறுப்பின்றி மனிதன் மனிதனாகான். ஆயினும் இவ்விரண்டும் சில வேளைகளில் ஒன்றற்கொன்று பகையாய் நிற்கின்றன. காவல் அளவு கடந்தவிடத்துப் பொறுப்பு முளையிலேயே வாடுகின்றது. பொறுப்பென்னும் பெயரால் காவல் மறுக்கப்பட்டவிடத்து எளியோர் துன்புறுகின்றனர். ஆதலின், காவல் எவ்விடத்துத் தக்கது, எவ்விடத்து மிகையாகின்றது என்பதை ஒருவாறு ஆராய்தல் கல்லூரியிற் பயில்வோர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

முதற்கண், தக்க காவல் யாது? இங்கிலாந்து தேசத்தில் நெசவாலைகள் பெருகிய காலத்தில் சிறு குழந்தைகளும் நெடுநேரம் இயந்திரங்களுக்கிடையே உழைத்து வந்தனர். 1833-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு அமர்த்துதலைத் தடுத்தது. அச்சட்டம் நடைபெறுகின்றதா எனக் கண்காணிக்க நான்கு அதிகாரிகளும் நியமிக்கப்பெற்றனர். தொழிலில் அரசாங்கம் தலையிடலாகாதென்று வாதித்தோர் அக்காலத்திலும் இருந்தனர். எனினும், எட்டு வயதுக் குழந்தை ஆலைக்குச் செல்வதும் செல்லாததும் அதன் விருப்பத்தில் இல்லை. இயந்திரத்திற்கு வேலியிடும் ஆற்றலும் அதற்கில்லை. அத்தகைய குழந்தையை நோக்கி, ‘உன்னை நீயே காத்துக்கொள்’ என்பது அறமாகாது. அபாயத்தை மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, பொறுப்பும் அவரையே சாரும். இதனை இக்கட்டுரையின் அடிப்படையாகக் கொள்வோம்.

நிற்க. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், வயது வந்த ஒருவனை அவனது நன்மையைக் கருதி மட்டும் வற்புறுத்துதல் முறையன்று எனவும், பிறர்க்குத் தீங்கு நேராமற் காத்தற்பொருட்டே அவனைத் தடுக்கலாம் எனவும் நிறுவினார். குழந்தைகளை இவ்விதியினின்றும் விலக்கினார். இது பொருத்தமே. ஆனால், குழந்தையாயிருப்பவனே நாளை வயது வந்தவனாகின்றான். இருபத்தோராம் வயதில் திடீரென்று பொறுப்பு வானத்தினின்றும் இறங்குவதில்லை. நீரில் இறங்காதவன் நீந்தக் கல்லாதவாறுபோல, சிறு பொறுப்புக்களைச் சுமந்து பழகாதவன் பெரும்பொறுப்பைச் சுமக்க வல்லவனாகான். மிகையான காவலின் கேடு இங்கேதான் தொடங்குகின்றது.

இதற்கு ஓர் உதாரணம் காண்போம். மேயர் ஹில்மன் என்பாரும் அவருடன் உழைத்த இருவரும் இங்கிலாந்தின் சில பகுதிகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகளை 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏழு, எட்டு வயதுச் சிறுவருள் 1971-இல் நூற்றுக்கு 80 பேர் பெரியோர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றுவந்தனர். 1990-இலோ நூற்றுக்கு 9 பேரே அவ்வாறு சென்றனர். வீதிகளில் வண்டிகள் பெருகியமையே பெற்றோர் கூறிய முதன்மையான காரணம். தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொரு பெற்றோரும் செய்தது நியாயமே. ஆயினும், தம் மகனை மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்லும் தந்தையார் அயலார் மகன் நடக்கும் வீதியில் மேலும் ஒரு வண்டியைச் சேர்த்தவராகின்றார். அபாயம் நீக்கப்பெறவில்லை, குழந்தைகளே வீதியினின்றும் நீக்கப்பெற்றனர். வழியறிதலும், காலமறிந்து புறப்படுதலும், தடை நேர்ந்தவிடத்துத் தானே முடிவு செய்தலும் ஆகிய பயிற்சிகளை அவர்கள் இழந்தனர்.

உடலைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியும் ஈண்டு நினைக்கத் தக்கது. வேர்க்கடலை சில குழந்தைகளுக்கு உயிர்க்கே ஊறு செய்யும் ஒவ்வாமையை விளைவிப்பது. அதனால், ஒவ்வாமைக்கு இடமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை அதனைக் கொடுத்தலாகாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தார் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தினர். 2008-இல் அவ்வறிவுரையைக் கைவிட்டனர். பின்னர் லண்டன் நகரில் 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2015-இல் முடிவு வெளியிட்டனர். ஐந்து வயதளவில், வேர்க்கடலையை விலக்கிய பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 குழந்தைகளுக்கு அவ்வொவ்வாமை இருந்தது. முதலாண்டிலேயே உண்ணத் தொடங்கிய பிரிவில் ஏறத்தாழ மூவர்க்கே இருந்தது. காத்தற்கெனச் செய்த விலக்கே பலர்க்குக் கேடாயிற்று. ஆயினும் ஒன்று மறக்கற்பாலதன்று. முன்னரே மிகுந்த ஒவ்வாமைக்குறி காட்டிய குழந்தைகளை மருத்துவர்கள் இச்சோதனையிற் சேர்க்கவில்லை. முதன்முறை ஊட்டியபொழுது உடனிருந்து கண்காணித்தனர். காவலைக் கைவிடாமலே பழக்கத்தையும் கொடுத்தனர்.

இவ்விரண்டையும் இசைவித்த நன்முயற்சியொன்று டென்மார்க் தேசத்தில் நிகழ்ந்தது. கார்ல் தியோடர் சோரென்சென் என்பார் பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் அமைப்பவர். தாம் அழகுற அமைத்த இடங்களை விடுத்துக் குழந்தைகள் கட்டிட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் விரும்பி விளையாடுதலைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரைச் சார்ந்த எம்டிரப் என்னுமிடத்தில் அவர் கருத்தின்படி ஒரு விளையாட்டிடம் திறக்கப்பெற்றது. உடைந்த பலகை, செங்கல், கயிறு முதலியன அங்கே கிடந்தன. சுத்தியலும் இரம்பமும் குழந்தைகள் கையில் கொடுக்கப்பெற்றன. அவர்கள் தாமே குடில் கட்டினர். பிழைபட்டதைத் தாமே பிரித்துத் திருத்தினர். பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். ஆயினும் அவர் கட்டளையிடுபவரல்லர், வேண்டியபோது உதவுபவரே. 1946-இல் அதனைக் கண்ட ஆலன் சீமாட்டியார் இங்கிலாந்திற்குத் திரும்பி, குண்டு வீச்சால் பாழான நிலங்களில் இத்தகைய விளையாட்டிடங்கள் அமைய முயன்றார்.

இவற்றால் பெறப்படுவது யாது? அபாயம் அனைத்தும் ஒரு தன்மையவல்ல. குழந்தையால் காணவும் மாற்றவும் இயலாத அபாயத்தைப் பெரியோரும் அரசாங்கமும் நீக்குதல் வேண்டும். பழுதுற்ற பாலத்தையும் கலப்பட உணவையும் எச்சரிக்கை கூறியதோடு விட்டுவிடுதல் கடமையைத் துறப்பதாகும். குழந்தையால் காணவும் அளவிடவும் கூடிய சிறு அபாயத்தையோ, அதன் வயதிற்கேற்ப அதனிடமே விட்டு, அருகில் நிற்றல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! இவ்விதி நமக்கும் உரியதே. எப்பாடத்தைப் பயில்வதென்று பெற்றோரே தெரிந்தெடுத்து, ‘நீ ஏன் தேறவில்லை?’ என்று மகனைமட்டும் கடிதல் நேர்மையன்று. தெரிந்தெடுக்கும் உரிமையைக் கொடாதவர் விளைவின் பொறுப்பிலும் பங்கேற்றல் வேண்டும். அவ்வாறே, உரிமையை வற்புறுத்திப் பெற்ற பின்னர், வகுப்பிற்கு வாராத குறையை நண்பர் மேலும், தேர்விலே தவறியதை ஆசிரியர் மேலும் சுமத்துதல் நமக்கு அழகன்று. நமக்கு உரிமை வேண்டுமாயின் அதன் விளைவும் நம்முடையதே. பெற்றோரிடம் ஒரு பொறுப்பைக் கேட்டுப் பெறுவோம். அதனை நிறைவேற்றிக் காட்டியபின் அடுத்ததைக் கேட்போம். நாளை நம் கையில் பிள்ளைகளும், அலுவலகங்களும், ஊராட்சியும் ஒப்புவிக்கப்படும்பொழுது, எதனை நாம் காக்கவேண்டும், எதனைப் பிறரிடம் நம்பி விடவேண்டும் என்பதைப் பகுத்தறிந்து நடப்போமாக.