புரிந்தது என்றால் போட்டுக் காட்டு

பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ செயலியில் படித்து 98 வாங்கிவிட்டானாம். கேள்விப்பட்ட மறுநாளே ஆண்டுச் சந்தா கட்டிவிடும் பெற்றோரைக் காலாண்டு மதிப்பெண் வரும் வாரத்தில் நிறையப் பார்க்கிறேன். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தோழி நான்கு நிறப் பேனாவில் குறிப்பெடுத்தால் தனக்கும் நான்கு நிறம் வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்த முறை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

செய்யுளை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இலக்கணத்துக்கு வாய் உதவாது. தினம் இரண்டு குறளை எடுத்து நேர், நிரை பிரித்து அலகிட்டுப் பழகினால்தான் கை வரும். நெஃப்ரான் படத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து பாகம் குறிக்க வேண்டும். கணக்குப்பதிவியலுக்குப் பேரேட்டைக் கோடு போட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. வரலாற்றில் 1799, 1801, 1806 என்று ஆண்டுகளை உருப்போட்டால் தேர்வு அறையில் குழம்பும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு மருது சகோதரர்கள் எழுந்தது, புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறிக்குத் தடையும் வந்ததும் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கொதித்தது என்று தம்பியிடமோ பாட்டியிடமோ கதையாகச் சொல்லிப் பார்த்தால் ஆண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

கணக்குக்கு வருகிறேன். இப்போது பிள்ளைகள் கணக்கைப் போடுவதில்லை, பார்க்கிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோவை ஓடவிட்டு, "புரிஞ்சிடுச்சு சார்" என்கிறார்கள். பகுதித் தொகையிடலில் கஷ்டமே எக்ஸை யு என்று எடுப்பதா, சைன் எக்ஸை எடுப்பதா என்று தீர்மானிப்பதில்தான் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை வீடியோக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மிச்சம் இருப்பது வெறும் கூட்டல் கழித்தல். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிற கதைதான்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது ஏறத்தாழ 40 சதவீதம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 61. அது வாசிப்பைப் பற்றிய ஆய்வு. வீடியோவுக்கும் அதே கதிதான் என்பது என் துணிபு. கரும்பலகையும் சாக்பீஸுமாக வளர்ந்தவன் அப்படித்தான் பேசுவான் என்பார்கள், பேசிவிட்டுப் போகிறேன். மின்மோட்டார் சுழல்வதையும் செல் பிரிவதையும் வீடியோவில் பார்ப்பது நல்லதே. அதற்கு ஆண்டுச் சந்தா எதற்கு?

எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பாடமும் ஒரே வேகத்தில் வராது. வடிவியலில் சட்டென்று பிடிப்பவள் இயற்கணிதத்தில் திணறுவாள். அவளை அக்காவோடு ஒப்பிட்டு ஆவது ஒன்றுமில்லை. முறையை மாற்றினால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். பார்க்காமல் எழுதத் தொடங்கியதும் தெரியாததெல்லாம் வெளியே வரும், படிப்பே கெட்டுப்போனதுபோல் தோன்றும். அந்தச் சமயத்தில் மதிப்பெண்ணைக் கேட்காமல் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் திட்டாதீர்கள். ஒரு அடித்தல்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால், அதே கணக்கை வெள்ளைத்தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள்.