இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம்: பேராதனையிலிருந்து பார்த்த ஐந்து நாட்கள் (1944 யூன் 18 – 22)



இரண்டாம் உலகப் போர் பற்றிய வினாவுக்கு ஆயத்தமாகும்போது உங்களில் பலர் ஐரோப்பாவை ஒரு பக்கத்திலும் பசுபிக் பிரதேசத்தை மறுபக்கத்திலும் எழுதி வைத்துக்கொண்டு திகதிகளை மனனஞ் செய்வீர்கள். நோர்மண்டி 1944, பேர்லின் 1945, ஹிரோஷிமா 1945 எனப் பட்டியல் நீளும். திகதிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு போர்முனையில் நிகழ்ந்தது இன்னொரு போர்முனையை எவ்வாறு பாதித்தது என்று கேட்டால் பேனை நின்றுவிடும். காரணம், பட்டியலில் போர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உண்மையில் அவை ஒரே வேளையில் நடந்தன. ஒரே கப்பல்களுக்காகவும் ஒரே விமானங்களுக்காகவும் எல்லா முனைகளும் போட்டியிட்டன.

இதனை விளங்கிக்கொள்ள 1944 யூன் 18 தொடக்கம் 22 வரையான ஐந்து நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பார்ப்பதற்குரிய இடமும் எமக்கு அண்மையிலேயே உள்ளது.

பூங்காவில் இருந்த தலைமையகம்

பிலிமத்தலாவையில் கண்டி பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் பேராதனையை அடைந்துவிடலாம். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் தாவரவியற் பூங்காவுக்கு நீங்கள் கல்விச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். அந்தப் பூங்காதான் 1944 ஏப்ரல் முதல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் தலைமையகமாக விளங்கியது. அதன் உச்சத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு. 1943 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட இக்கட்டளைப்பீடம் முதலில் புதுதில்லியில் இயங்கியது. பின்னரே கண்டிக்கு மாற்றப்பட்டது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மரங்களுக்கிடையே கொட்டில்கள் எழுந்தன. பிரித்தானியரும் அமெரிக்கரும் இந்தியரும் அங்கு பணியாற்றினர். அக்காலத்தில் கண்டியில் அமெரிக்க உளவுத்துறையின் ஆவணப் பதிவகத்தில் கடமையாற்றிய ஜூலியா மெக்வில்லியம்ஸ் என்ற பெண், பிற்காலத்தில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஆனார். இது பரீட்சைக்கு வராது; அறிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

பூங்காவில் இருந்தோரின் நேரடிப் பொறுப்பு பர்மா, மலாயா, சுமாத்திரா முதலிய பகுதிகளாகும். ஆயினும் அவர்களால் செய்ய முடிந்ததும் முடியாமற் போனதும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தீர்மானிக்கப்பட்டன. அதனை நாள்வாரியாக நோக்குவோம்.

யூன் 18 முதல் 22 வரை

நோர்மண்டியில் நேசப் படைகள் தரையிறங்கி (யூன் 6) பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. யூன் 18 ஆம் திகதி அமெரிக்கப் படைகள் கொத்தந்தன் தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடைந்து செர்பூர்க் துறைமுகத்தைத் துண்டித்தன. அதே நாளில் சீனாவில் சாங்ஷா நகரம் யப்பானியர் வசமானது. நேச நாடுகள் எங்கும் வென்றுகொண்டிருந்த மாதம் என்று 1944 யூனைக் கருதிவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். சீனாவில் யப்பான் அப்போதும் முன்னேறிக்கொண்டுதான் இருந்தது.

யூன் 19 இல் ஆங்கிலக் கால்வாயில் கடும் புயல் வீசத் தொடங்கியது. நோர்மண்டிக் கரையில் அமெரிக்கர் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகம் அதில் சிதைந்தது. அதே நாளில் பசுபிக்கில், மரியானாத் தீவுகளுக்கு மேற்கே, அமெரிக்க, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மோதின. யூன் 15 இல் அமெரிக்கர் சைப்பான் தீவில் தரையிறங்கியமையே இம்மோதலுக்குக் காரணம். பிலிப்பைன் கடற்சமர் எனப்படும் இச்சமரின் இரண்டு நாட்களில் யப்பான் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான விமானங்களையும் இழந்தது. கப்பல்களைவிடப் பயிற்சி பெற்ற விமானிகளை இழந்தமையே பெரிய அடியாயிற்று. சைப்பான் வீழ்ந்தபின், யூலை 18 இல் பிரதமர் தோஜோ பதவி விலகினார்.

யூன் 20 இல் இத்தாலியில் பெருஜியா நகரம் நேசப் படைகள் வசமானது. பின்லாந்து முனையில் விய்ப்புரி நகரைச் சோவியத் படைகள் கைப்பற்றின.

யூன் 21 எமக்கு நெருக்கமான நாள். திருகோணமலையிலிருந்து சென்ற கிழக்குக் கப்பற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான இலஸ்ரியஸிலிருந்து எழுந்த விமானங்கள் அந்தமான் தீவுகளின் போட் பிளேயர் துறைமுகத்தைத் தாக்கின. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியதையும், மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததையும் நீங்கள் கற்றிருப்பீர்கள். இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகியிருந்தது.

யூன் 22 ஆம் திகதியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்து அன்றுடன் சரியாக மூன்று ஆண்டுகள். அன்று பெலாருஸ் பகுதியில் பக்ராத்தியோன் எனப்பட்ட பெருந்தாக்குதலைச் சோவியத் படைகள் தொடங்கின. ஜேர்மனியின் மத்திய படைக்குழு சில வாரங்களில் நொறுங்கியது. யூலை 3 இல் மின்ஸ்க் மீட்கப்பட்டது. அதே யூன் 22 இல், இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், கொஹிமாவிலிருந்து தெற்கே வந்த பிரித்தானியப் படைப்பிரிவும் இம்பாலிலிருந்து வடக்கே வந்த இந்தியப் படைப்பிரிவும் வீதியின் 109 ஆம் மைற்கல்லில் சந்தித்தன. மார்ச் இறுதியில் துண்டிக்கப்பட்ட வீதி திறக்கப்பட்டது. இம்பால் முற்றுகை முடிவுற்றது.

முனைகளை இணைத்தது எது?

மேலுள்ளவற்றை மட்டும் எழுதினால் அது இன்னொரு பட்டியலாகவே அமையும். இப்போது போட் பிளேயருக்குத் திரும்புவோம். விமானங்கள் ஏன் குண்டு வீசிவிட்டுத் திரும்பின? படைகள் ஏன் அங்கு தரையிறங்கவில்லை?

தரையிறங்கும் திட்டம் ஒன்று இருந்தது. 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில், அந்தமானைக் கைப்பற்றுவதாகச் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கிற்கு வாக்களிக்கப்பட்டது. அடுத்து நடந்த தெஹ்ரான் மாநாட்டில், ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனையைத் திறக்கும்படி ஸ்டாலின் வற்புறுத்தினார். பிரான்சில் தரையிறங்குவதற்குத் தரையிறங்கு கலங்கள் தேவைப்பட்டன. உலகில் அவை போதியளவு இருக்கவில்லை. டிசெம்பரில் அந்தமான் திட்டம் கைவிடப்பட்டது. மவுண்ட்பேட்டனிடமிருந்த கலங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. பேராதனையில் வரையப்பட்ட கடல்வழித் திட்டங்கள் பல இவ்வாறே தாளிலேயே நின்றன.

இதற்கான விலையை யார் செலுத்தினர்? போர் முடியும்வரை யப்பானியர் ஆட்சியிலேயே இருந்த அந்தமான் மக்கள். 1943 டிசெம்பர் 30 இல் சுபாஷ் சந்திரபோஸ் அங்கு கொடியேற்றியதைப் பல நூல்கள் கூறுகின்றன. உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அத்தீவுகளில் பலர் கொல்லப்பட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோர்மண்டியின் வெற்றியை எழுதும் அதே கையால், அதற்காகக் காத்திருக்க வைக்கப்பட்டவர்களையும் ஒரு வரியில் எழுதினால் விடை முழுமை பெறும்.

தொடர்பு எதிர்த்திசையிலும் இயங்கியது. இம்பாலைக் காத்ததில் விமானங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1944 மார்ச்சில், சீனாவுக்குப் பொருட்கள் ஏற்றிச் சென்ற போக்குவரத்து விமானங்களில் ஒரு பகுதியை மவுண்ட்பேட்டன் இம்பாலுக்குத் திருப்பினார். ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவு அரக்கானிலிருந்து விமானம் மூலம் இம்பாலுக்குக் கொண்டுவரப்பட்டது. மத்தியதரைக் கடல் முனையிலிருந்தும் விமானங்கள் இரவலாக வந்தன. இத்தாலிய முனை அவற்றை விட்டுக்கொடுத்திராவிடின் முற்றுகைக்குள் சிக்கியவர்களுக்கு அரிசியும் வெடிமருந்தும் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

யப்பானியப் படைகளிடம் அத்தகைய இரவல் வசதி இருக்கவில்லை. தளபதி முதகுச்சி ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கான உணவுடன் படைகளை மலைகளுக்குள் அனுப்பினார். எதிரியின் களஞ்சியங்களைக் கைப்பற்றி உண்ணலாம் என்பது எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை. மழையும் பசியும் நோயும் குண்டுகளைவிடக் கூடுதலானோரைப் பலிகொண்டன. சென்ற ஏறத்தாழ 85,000 பேரில் 50,000 இற்கு மேற்பட்டோர் இறந்தனர், காயமுற்றனர் அல்லது காணாமற் போயினர்.

மலாயாத் தமிழர்

யப்பானியருக்கு ஏன் பொருட்கள் வரவில்லை? சிங்கப்பூரிலிருந்து இரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி நேச நாடுகளின் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடியதாக இருந்தது. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட நீர்மூழ்கிகளும் மலாக்கா நீரிணையில் கப்பல்களை வேட்டையாடின. கடல்வழிக்கு மாற்றாக யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்தனர். அது 1943 ஒக்டோபரில் நிறைவுற்றது.

அதனை அமைத்தோரில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளரே மிகக் கூடுதலாக இருந்தனர். அவர்களுள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் காட்டிலேயே மடிந்தவர்கள் பெருந்தொகையினர். கைதிகளான படையினரின் கல்லறைகளுக்குப் பெயருண்டு. இவர்களுள் பெரும்பாலானோருக்குக் கல்லறையே இல்லை. எமது மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் மலாயாவுக்குச் சென்றவர்களும் தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பதே வேறுபாடு. அதே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்திலும் சேர்ந்தனர். அவ்விராணுவத்தின் ஒரு பகுதி இம்பால் முனையில் யப்பானியருடன் நின்றது. எதிர்ப்பக்கத்தில் பிரித்தானிய இந்தியப் படையிலும் இந்தியர்களே நின்றனர்.

இலங்கையின் தோட்டங்களும் போருக்கு வெளியே இருக்கவில்லை. மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த முக்கிய நாடாக இலங்கை மாறியது. மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது பால் வெட்டப்பட்டது. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவின் பாவனை கூடியது. இம்பாலில் போரிட்டவர்களுக்கு மட்டுமன்றி, கண்டியில் சோறு சமைத்தவர்களுக்கும் பர்மா முனை ஒரு பிரச்சினையாகவே இருந்தது.

பயிற்சி

உலக வரைபடம் ஒன்றில் செர்பூர்க், மின்ஸ்க், இம்பால், போட் பிளேயர், சைப்பான், திருகோணமலை ஆகியவற்றைக் குறித்த பின்னர் பின்வருவனவற்றுக்கு விடை எழுதுக.

1. தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் தருக.

2. 1943 டிசெம்பரில் அந்தமான் தரையிறக்கம் கைவிடப்பட்டமைக்கும் 1944 யூனில் நோர்மண்டியில் நிகழ்ந்ததற்கும் உள்ள தொடர்பை விளக்குக. (மாநாடுகளின் பெயர்களை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். எப்பொருள் பற்றாக்குறையாக இருந்தது என்பதைக் கூறுக.)

3. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ உள்ள முதியோரிடம், போர்க்கால அரிசிப் பங்கீடு பற்றித் தம் பெற்றோர் கூறியவை நினைவிலுள்ளனவா எனக் கேட்டு, கிடைத்த தகவலை ஆறு வாக்கியங்களில் எழுதுக.