பழைய பென்டியத்திற்கு எவ்வளவு ராம் போதும்?

ராம் கூடினால் வேகமும் கூடும் என்பது பொதுவான பேச்சு. பழைய கம்ப்யூட்டர்களில் இது எப்போதும் உண்மையாகாது.

கோபாலபுரத்தில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்.எம்.எக்ஸ். ஒன்றை இன்னும் இயக்குகிறார். அவர் எழுதிய கட்டுரைகள் அனைத்தும் அதில்தான், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய ஃபாண்டில் உள்ளன. ராம் 16 எம்.பி. விண்டோஸ் 98க்கு மைக்ரோசாப்ட் கேட்ட குறைந்தபட்ச அளவே அதுதான். ஒரு பைலைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும்.

போர்டில் இருப்பது 1997ல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட். இது 256 எம்.பி. வரை ராம் ஏற்கும். ஆனால் போர்டில் உள்ள கேஷ் மெமரி முதல் 64 எம்.பி.யை மட்டுமே கவனிக்கும். விண்டோஸ் 98 ராமை மேல் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்வதால், 128 எம்.பி. போட்டால் புரோகிராம்கள் கேஷ் இல்லாத பகுதியில் போய் உட்காரும். வேகம் குறையும்! எனவே 64 எம்.பி. போதும்.

72 பின் சிம் ஒவ்வொன்றும் 32 பிட். பென்டியத்தின் பாதை 64 பிட் என்பதால் ஜோடியாகத்தான் போட வேண்டும். (486ல் ஒன்றே போதும், 30 பின் சிம் என்றால் நான்கு வேண்டும்.) 168 பின் டிம் 64 பிட், ஒன்று போதும். சிம், டிம் இரண்டையும் கலக்காதீர்கள். முன்னது 5 வோல்ட், பின்னது 3.3 வோல்ட்.

ரிச்சி தெருவில் பழைய டிம் தேடும்போது சிப்களை எண்ணுங்கள். 64 எம்.பி.யில் எட்டு சிப் இருந்தால் நல்லது. நான்கே இருந்தால் இந்தப் போர்டு அதை முழுதாக அறியாமல் போகலாம். பிசி100, பிசி133 என்று எழுதியிருந்தாலும் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடும்.

"முதலில் ராம் போட்டுடுங்க தம்பி, அப்புறம் காப்பி எடுக்கலாம்" என்றார் சார். நான் சம்மதிக்கவில்லை. கெட்ட ராம் வழியாகக் காப்பியாகும் பைல் சத்தமில்லாமல் சிதையும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும், ஃபாண்ட் பைல்கள் உட்பட, காப்பி செய்த பிறகே கேபினெட்டில் வேலை தொடங்கினேன். ஃபாண்ட் இல்லாவிட்டால் அந்தப் பைல்கள் வெறும் கிறுக்கல்தான்.

பவர் கார்டைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, பழைய ராமை எடுத்துவிட்டு டிம்மை நேராக அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கிகளும் தாமாக மூட வேண்டும். ஆன் செய்ததும் திரையில் 65536 வரை எண்ண வேண்டும். ஹார்ட் டிஸ்க் கேபிளை மாட்டாமல், ஃபிளாப்பியிலிருந்து மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.