ரிஸ்பெரிடோன் மாத்திரையும் தள்ளிப்போகும் மாதவிலக்கும்

மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடும் பெண்களில் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். பிள்ளை பெறாமலேயே மார்பில் பால் கசியும். இது காத்து கருப்பு வேலையல்ல. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற சுரப்புநீர் இம்மருந்தால் கூடுகிறது, அவ்வளவுதான். "குளிக்காம இருக்காளே, உண்டாகியிருக்காளோ?" என்று மாமியார் கேட்டால், ஊகம் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். விலக்கு வராவிட்டாலும் கரு தங்கக்கூடும். எனவே கருத்தடையை விட்டுவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் கணவருக்கும் தாம்பத்திய ஆசை குறையலாம். அதை மனைவிமேல் வெறுப்பு என்று எண்ணி எத்தனை வீட்டில் வீண் சண்டை!

இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். உடம்பு விறைத்துக் கடுங்காய்ச்சல் வந்தால் மட்டும், அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.