வீட்டுத் தோட்டத்தில் இலைச் சலாது

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்துள்ள மண்டூர் நெல் விளையும் ஊர். இவ்வூர்க் கமக்காரர் பலர் சலாது நுவரெலியா போன்ற குளிர்நாட்டுக்கே உரிய பயிர் என எண்ணுவர். மலைநாட்டிலிருந்து வரும் சலாது சந்தையை அடையுமுன்னரே வாடிவிடுகின்றது, விலையும் குறைவன்று. ஆயினும், காலமறிந்து விதைத்தால் கிணற்றடிப் பாத்தியிலேயே இதனைப் பெறலாம்.

சலாதில் தலை கட்டும் இனம், தலை கட்டா இனம் என இரண்டு உண்டு. கோவாவைப் போலத் தலை கட்டும் இனத்துக்கு நீடித்த குளிர்ச்சி வேண்டும். இலை இலையாக விரியும் இலைச் சலாதே சமநிலத்துக்கு ஏற்றது.

காலமும் நிலமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் இளநாற்று அழுகும். கச்சான் காற்று வீசும் காலத்திலோ செடி விரைவிற் பூந்தண்டு விடும். இலையிற் பால் மிகுந்து கைக்கும். ஆகவே, பெருமழை தணியும் மார்கழிக் கடைசியில் விதைத்தல் நன்று. அவ்வாறு விதைத்தால் பெரும்போக அறுவடைக் காலத்தில் இலை கிடைக்கும்.

பாத்தி 10 அடி நீளமும் 3 அடி அகலமும் 6 அங்குல உயரமும் உடையதாக இருக்கட்டும். வாவியோர மணல் நிலம் ஈரத்தை விரைவில் இழப்பதால், நன்கு மக்கிய எரு இரண்டு கூடை கலத்தல் வேண்டும். உவர் நீர் இப்பயிருக்கு ஆகாது. நாவிற்கு உவர்ப்புத் தோன்றும் கிணற்று நீரை ஊற்றினால் இலையோரம் கருகும்.

விதை முளையாமைக்குக் காரணம்

விதை முளையாதபோது விதை விற்றவரைக் குறை கூறுதல் வழக்கம். பெரும்பாலும் குற்றம் விதையில் இல்லை. மண்ணின் வெப்பம் 30 பாகை செல்சியசை நெருங்கினால் நல்ல விதையும் உறங்கிவிடும். இரண்டாவது காரணம் ஒளியின்மை. அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் ‘கிராண்ட் ராப்பிட்ஸ்’ என்னும் இலைச் சலாதின் விதையைக் கொண்டு 1952ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். செவ்வொளி அவ்விதையை முளைக்கச் செய்கின்றது; கண்ணுக்கு அரிதிற் புலப்படும் தொலைச்செவ்வொளி முளைப்பைத் தடுக்கின்றது. பச்சிலையினூடே வரும் ஒளியில் தொலைச்செவ்வொளியே மிகுதி. ஆதலால் ஆழப் புதைத்த விதையும், அடர்ந்த மரநிழலில் இட்ட விதையும் முளைக்கத் தயங்கும்.

செய்ய வேண்டியவை இவை:

1. நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரித்து, ஆறவிட்டுச் சாம்பலை மண்ணோடு கலக்க. இது நாற்றழுகலைக் குறைக்கும்.

2. விதையை ஈரத் துணியில் முடிந்து, தண்ணீர்ப் பானையின் அடியில் ஓர் இரவு வைக்க. மறுநாள் மாலை, வெயில் தாழ்ந்தபின் தூவுக.

3. விதை மறையும் அளவுக்கு மாத்திரம் மணல் தூவுக. தடித்த மூடாக்கு இடலாகாது.

4. வெயில் காக்கக் கிடுகினை இரண்டடி உயரத்திற் பந்தலாக இடுக. பக்கங்களைத் திறந்து விடுக.

மூன்று, நான்கு கிழமையில் நாற்று நான்கைந்து இலை விடும். அப்போது 9 அங்குல இடைவெளியில், குருத்து மண்ணுள் மறையாதவாறு மாலையில் நடுக. மேற்கூறிய பாத்தி ஏறத்தாழ ஐம்பது செடி கொள்ளும். காலையும் மாலையும் அளவாக நீர் ஊற்றுக. கோழி கிளறாதவாறு வேலியிடல் இன்றியமையாதது. இலை பச்சையாக உண்ணப்படுவதால் பூச்சிநஞ்சு தெளித்தலாகாது. நத்தையை இரவிற் கையாற் பொறுக்குக. அழுக்கணவன் கண்ட இலையைக் கிள்ளி எறிக.

பறித்தலும் உண்ணுதலும்

நட்டு நான்கு கிழமையானதும் வெளி இலைகளை மாத்திரம் விடியற்காலையிற் பறிக்க. குருத்தை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும். ஒரு செடியிற் பலமுறை பறிக்கலாம். பறித்த இலையை வாழையிலையிற் சுற்றி ஈரத் துணியால் மூடினால் களுவாஞ்சிகுடிச் சந்தைவரை வாடாது.

வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துத் தேசிப்புளி விட்டுச் சம்பலாக உண்ணலாம். புளியை உண்ணும் வேளையிலேயே விடுக. முன்னரே விட்டால் இலை துவளும். முற்றிய இலையைச் சுண்டலாகவோ பாற்சொதியாகவோ சமைக்கலாம். விற்றமின் ஏ ஆவதற்குரிய சத்து இப்பச்சிலையில் உண்டு.

ஒன்றை மறத்தலாகாது. பச்சைச் சாணமும் அழுக்கு நீரும் பட்ட இலை வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் புழுக்களையும் வீட்டுக்குக் கொணரும். மூன்று மாதமாவது மக்கிய எருவையே இடுக. இலை இலையாகப் பிரித்து, கொதித்தாறிய நீரிற் கழுவுக. வெள்ளம் புகுந்த பாத்தியின் இலையைப் பச்சையாக எவருக்கும், சிறப்பாகக் குழந்தைக்கு, கொடுத்தலாகாது.

விதை சேர்த்தல்

எல்லாச் செடிகளுக்கும் பிந்திப் பூந்தண்டு விடும் இரண்டு செடிகளைப் பறியாது விடுக. முந்திப் பூப்பதில் விதை எடுத்தால், முந்திப் பூக்கும் குணமே தொடரும். மஞ்சட் பூக்கள் உதிர்ந்து வெண்பஞ்சு தோன்றியதும் விதையைத் தட்டி எடுத்து, நிழலிற் காயவைத்து, சாம்பல் இட்ட போத்தலில் இறுக மூடுக. சலாது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதால் குணம் மாறாது. இவ்வாறு ஆண்டுதோறும் தெரிந்தெடுத்தால், மண்டூர் வெயிலைச் சற்று அதிகமாகத் தாங்கும் விதை கமக்காரர் கையிலேயே இருக்கும்.